பன்னிரண்டாம் அறையின் மணிக்கயிறு

பழவேற்காடு
3 பிப்ரவரி 2025

மதிப்பிற்குரிய சுப்பராயலு அவர்களுக்கு,

குளியலறைத் தரையில் விழுந்து கிடக்கும் ஒருவர், கைக்கு எட்டும் தூரத்தில் மணிக்கயிறு தொங்கிக்கொண்டிருக்க, அதை இழுக்காமல் ஒரு மணி நாற்பது நிமிடம் ஏன் அப்படியே கிடக்கிறார்? இந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. இரண்டு வாரமாக யோசிக்கிறேன். தெரியவில்லை என்பதை எழுத்தில் ஒப்புக்கொள்வது எனக்குப் பழக்கமில்லாத காரியம்.

உங்களை எளாவூருக்கு அழைத்துப்போன உங்கள் மகள் தேவகி முந்தாநாள் இங்கே வந்திருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "எங்க நைனா ரூமுல ஆளைக் கூப்புடுற மணி கீதுன்னு சொல்லித்தான சேத்தீங்க? கீழ வுழுந்து கைய ஒடச்சிக்கினு காலைல ஏழரைலேர்ந்து ஒம்போது பத்து வரைக்கும் கெடந்தாரு. ஏன் மணி அடிக்கல? அத மட்டும் சொல்லுங்க. சொல்லிட்டீங்கன்னா திருப்பி அனுப்புறேன். இல்லாங்காட்டி மாசக் கடைசில ரூம காலி பண்ணிக்கிறேன்" என்றார். கேள்வி நியாயமானது. இருபத்தெட்டாம் தேதிவரை உங்கள் அறையை வேறு யாருக்கும் தருவதில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

உங்களிடமே கேட்பதுதான் முறை. தொலைபேசியில் உங்களுக்குக் காது கேட்காது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தேவகியின் போனுக்குத்தான் வரும். ஆகவே இந்தக் கடிதம். அர்ஜுனனின் மீன் வண்டி தினமும் எளாவூர் சந்தைக்கு வருகிறது, அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே தரலாம்.

கை எப்படி இருக்கிறது?

இப்படிக்கு,
ஹேமாவதி
மேலாளர், ஏரிக்கரை முதியோர் இல்லம்


எளாவூர்
5.2.2025

கனம் ஹேமாவதி மேடம் அவர்கள் சமூகத்துக்கு, பன்னிரண்டாம் அறை சுப்பராயலு எழுதிக்கொண்ட விண்ணப்பம்.

தங்கள் கடிதம் ஐஸ் தண்ணீரில் நனைந்து, இறால் வாசனையோடு வந்து சேர்ந்தது. தேவகி அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "இன்னா நைனா, இது படிக்கவா, கொழம்புக்கா?" என்று கேட்டாள். படிக்க என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.

ஒடிந்தது இடது கை. எழுதுவது வலது கை. ஆகையால் எழுத்துக்குக் குறைவில்லை. எங்கள் குப்பத்துக்காக முப்பது வருஷம் மனு எழுதிய கை இது. ரேஷன் கடைக்கு, முகத்துவாரத்தில் மண் எடுப்பதற்கு, காட்டுப்பள்ளித் துறைமுகம் விஷயமாக என்று எழுதாத ஆபீஸ் இல்லை. பதில் வந்த ஆபீஸ் மூன்று.

தாங்கள் கேட்ட விஷயம்: கை வழுக்கிவிட்டது. கயிறு பிடிபடவில்லை. அவ்வளவுதான். இதை அப்படியே தேவகிக்குச் சொல்லிவிட்டால் நான் இம்மாதமே வந்துவிடலாம்.

சீக்கிரம் வரவேண்டும் மேடம். மருமகன் நல்லவர், பேரப்பிள்ளைகள் தங்கம். குறை சொன்னால் நாக்கு அழுகும். ஆனால் வாசலில் நின்றால் லாரிதான் தெரிகிறது. செக்போஸ்ட்டில் ஆந்திராவுக்குப் போகிற லாரி முழுக்க எங்கள் தெருவரை வரிசை கட்டி நிற்கிறது. பக்கத்தில் வந்து கத்தினால்தான் பேச்சு கேட்கும் என் காதுக்கு அந்த ஹாரன் மட்டும் நன்றாகக் கேட்கிறது. காற்று தெற்கா வாடையா என்று ஒருத்தனுக்கும் கவலையில்லை. கேட்டால் ஃபேனைப் போடட்டுமா என்கிறார்கள்.

என் அறை ஜன்னலோர நாற்காலியில் பதினொன்றாம் அறை சம்சுதீன் பாய் உட்காருகிறாரா என்று பார்த்துச் சொல்லவும். உட்கார்ந்தால் எழுப்பவும்.

தங்கள் உண்மையுள்ள,
சு. சுப்பராயலு


பழவேற்காடு
8 பிப்ரவரி 2025

மதிப்பிற்குரிய சுப்பராயலு அவர்களுக்கு,

சம்சுதீன் உட்காருகிறார். எழுப்பினேன். நான் நகர்ந்ததும் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

கை வழுக்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் நம்பவில்லை, மன்னிக்கவும். கயிற்றின் முனையில் எலுமிச்சை அளவில் சிவப்புக் குமிழ் இருக்கிறது. தரையிலிருந்து ஒரு சாண் உயரம். நேற்று உங்கள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, நீங்கள் விழுந்த மாதிரியே தரையில் படுத்து, வலது கையை நீட்டிப் பார்த்தேன். சிரமமில்லாமல் எட்டியது. இழுத்தேன். நர்ஸ் உம்மு ஹானி ஐம்பத்தைந்து விநாடியில் வந்தார். என்னைத் தரையில் பார்த்ததும் அவர் போட்ட கூச்சலில் சமையலறையில் பால் பொங்கிவிட்டது. "யா அல்லா, மேடமும் வுழுந்துட்டாங்க!" எழுந்து உட்கார்ந்து விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. எனக்கு வயது நாற்பத்தெட்டு. இப்படி ஒரு காட்சி எனக்கு நேரும் என்று எதிர்பார்த்ததில்லை.

மின்வேலை பார்க்கும் தினகரன் வந்து எல்லா அறைகளின் இணைப்பையும் சோதித்தார். கட்டிலருகே இருக்கும் பொத்தானும் சரி, குளியலறைக் கயிறும் சரி, ஒன்றில்கூடப் பழுது இல்லை.

ஆனால் வேறொன்று கண்டேன். எந்த அறை மணி எந்த நேரம் அடித்தது என்பதை நர்ஸ் மேசையிலிருக்கும் பெட்டி பதிந்துவைக்கிறது. டிசம்பர், ஜனவரி இரண்டு மாதத்தையும் தாளில் எடுத்துப் பார்த்தேன். ஒரு நாள் ஒன்று முதல் ஆறாம் அறைவரை மட்டும் மணி அடித்திருக்கிறது. மறுநாள் ஏழு முதல் பன்னிரண்டு. அதற்கு மறுநாள் பதின்மூன்று முதல் பதினெட்டு. பிறகு மறுபடி ஒன்றிலிருந்து. அறுபத்திரண்டு நாளும் இப்படியே, ஒரு நாள்கூடத் தப்பவில்லை.

நான் சென்னைப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படித்தவள். பதினெட்டுப் பேருக்குத் தாகமும் வலியும் இப்படி மூன்று நாளுக்கொருமுறை வரிசைபோட்டு வராது. நீங்கள் விழுந்த ஜனவரி 21, ஒன்று முதல் ஆறு அறைகளின் நாள். இது என்ன என்று உணவுக்கூடத்தில் கேட்டேன். எல்லோரும் ஒரே நேரத்தில் சாம்பாரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

உங்களுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

ஹேமாவதி


எளாவூர்
10.2.2025

மேடம் அவர்களுக்கு,

அதைத் தோண்ட வேண்டாம். நான் எத்தனையோ ஆபீசருக்கு மனு எழுதினேன், ஒருத்தராவது தரையில் படுத்துப் பார்த்திருந்தால் எங்கள் குப்பம் இன்றைக்கு வேறு மாதிரி இருக்கும். தங்களுக்கு என் வணக்கம். ஆனால் இது எங்களுக்குள் பேசிக்கொண்ட விஷயம். குப்பத்துக் கூட்டத்தில் பேசியதை வெளியே போய்ச் சொல்கிறவனை நாங்கள் ஆளாக மதிக்கமாட்டோம். சொல்லிவிட்டு வந்தால் அங்கே என்னோடு யார் கேரம் ஆடுவார்கள்?

வழுக்கியது என்றே எழுதிவிடுங்கள்.

சு. சுப்பராயலு


பழவேற்காடு
12 பிப்ரவரி 2025

மதிப்பிற்குரிய சுப்பராயலு அவர்களுக்கு,

பொய் எழுத மாட்டேன். உங்களுக்காகக்கூட எழுத மாட்டேன். நாளை இன்னொருவர் விழுந்தால் அந்தப் பொய்தான் அவரை எழவிடாமல் அழுத்திப் பிடித்துக்கொள்ளும்.

பாதி எனக்குத் தெரிந்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்று காலை நான் தாழ்வாரத்தில் வருவதைச் சம்சுதீன் கவனிக்கவில்லை. நான்காம் அறைப் பச்சையம்மாவிடம், "சும்மா சும்மா பேஜார் பண்ணாத பச்சையம்மா. இன்னிக்கி எங்க பாடு. டீ வேணும்னா என் ரூமுக்கு வந்து சொல்லு, நான் அமுக்குறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குப் பச்சையம்மா, "ஒன் பாடுல எனக்கு டீ வேணாம் போ பாய். நாளன்னிக்கி என் பாடுலயே குடிச்சிக்கிறேன்" என்றார். அவ்வளவு ரோஷத்தோடு ஒருவர் டீயை வேண்டாமென்று சொல்லி நான் பார்த்ததில்லை.

ஏரியில் பாடு என்று ஒன்று உண்டு என்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். நான் வேலூர்க்காரி, அதற்கு மேல் தெரியாது. மணிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? நீங்கள் சொன்னதாக யாரிடமும் சொல்ல மாட்டேன். நான் காதால் கேட்டதே போதும், உங்கள் கேரம் ஆட்டத்துக்கு ஆபத்தில்லை.

இன்னும் பதினாறு நாள் இருக்கிறது.

ஹேமாவதி


எளாவூர்
14.2.2025

கனம் மேடம் அவர்களுக்கு,

பாய் வாயாலேயே வெளிவந்துவிட்டது என்பதால் எழுதுகிறேன். அந்த மனிதருக்கு இரகசியம் என்பது தொண்டையில் நண்டு ஓடு மாதிரி.

ஏரியில் நல்ல இறால் எல்லா இடத்திலும் வராது. முகத்துவாரம் பக்கம் சில இடங்கள்தான். அங்கே எல்லோரும் ஒரே நாளில் வலை கட்டினால் வெட்டுக்குத்துதான். அதனால் எங்கள் முன்னோர் முறை வைத்தார்கள். இன்றைக்கு இந்தக் குப்பம், நாளைக்கு அந்தக் குப்பம், அதற்குள் எந்த இடம் யாருக்கு என்று சீட்டுப்போட்டு எடுப்பது. அதுதான் பாடு. அடுத்தவன் பாட்டு நாளில் அங்கே வலை இறக்கினவன் திருடன். குப்பம் கூடித் தண்டம் போடும். பெண் கொடுக்க யோசிப்பார்கள்.

மணிக்கு வருகிறேன். போன வருஷம் தீபாவளி முடிந்ததும் தாங்கள் தாழ்வாரத்தில் ஒரு பலகை மாட்டினீர்கள். "தேவையின்றி மணி அடிக்க வேண்டாம்." அப்போது நாளைக்கு அறுபது தடவை அடித்துக்கொண்டிருந்தோம். உண்மைதான். டிவி ரிமோட்டுக்கு, கொசுவர்த்திக்கு, மணி வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கு. ஒரு நாள் ஹானிம்மா மாடிப்படியில் உட்கார்ந்து இரண்டு முட்டியையும் பிடித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். "இன்னாம்மா?" என்றேன். "ஒண்ணுமில்ல பெரியப்பா, பதினெட்டு மணி, ரெண்டு முட்டி" என்றது.

அன்று சாயங்காலம் பதினெட்டுப் பேரும் உணவுக்கூடத்தில் கூடினோம். தேவை எது, தேவையில்லாதது எது என்று யார் சொல்வது? அவரவருக்கு அவரவர் டீ தேவைதான். ஆகவே பாடு வைத்தோம். சில்வர் டம்ளரில் சீட்டுப் போட்டு, ஆறு ஆறு அறையாக மூன்று நாள் முறை. அடுத்தவர் நாளில் மணி அடித்தால் ஒரு வாரம் கேரம் பலகை பக்கம் வரக்கூடாது. ஆபீசுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் பேப்பரில் எழுதி எடுத்துவிடுவீர்கள்.

அன்று காலை சோப்பு நுரையில் கால் போனது. கயிறு என் மூக்குக்கு நேரே ஆடியது. பார்த்துக்கொண்டேதான் கிடந்தேன். அன்று ஆறாம் அறை வரைக்கும்தான் பாடு. என் அறை பன்னிரண்டு. ஐம்பது வருஷம் ஏரியில் இருந்தேன், ஒரு நாள் அடுத்தவன் இடத்தில் வலை இறக்கியதில்லை. கை மேலே போகவேயில்லை மேடம். இன்னொன்று, இழுத்தாலும் அங்கே மணி அடித்ததா, யாராவது கேட்டார்களா என்று என் காதுக்குத் தெரியாது. காலை நாஸ்தாவுக்கு நான் எப்போதும் வரமாட்டேன், படகுத்துறைக்குப் போய்விடுவேன். அதனால் யாரும் தேடவில்லை. ஹானிம்மா பெட்ஷீட் மாற்ற வந்ததால் பிழைத்தேன்.

இதைத் தேவகியிடம் எப்படிச் சொல்வது? நான்தான் அந்தச் சீட்டை டம்ளரில் குலுக்கியவன்.

சு. சுப்பராயலு


பழவேற்காடு
16 பிப்ரவரி 2025

மதிப்பிற்குரிய சுப்பராயலு அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதலில் செய்தது, தாழ்வாரத்திலிருந்து அந்தப் பலகையைக் கழற்றியது. அதை எழுதி மாட்டியவள் நான். மணி எண்ணிக்கை அறுபதிலிருந்து ஒன்பதாகக் குறைந்தபோது, "இல்லவாசிகள் மணியைப் பொறுப்புடன் பயன்படுத்துகிறார்கள்" என்று அறக்கட்டளைக்கு அறிக்கை அனுப்பியவளும் நான்தான். எண் குறைந்தால் ஏன் குறைந்தது என்று கேட்கத்தான் எனக்கு இரண்டு வருஷம் பாடம் நடத்தினார்கள். நான் கேட்கவில்லை. மகிழ்ந்துபோனேன். உம்மு ஹானியின் முட்டிக்கு இன்னொரு ஆள் தேவை என்பதும் எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். நாளை முதல் மாலா என்ற பெண் பகல் வேலைக்கு வருகிறார்.

இரண்டாவதாகச் செய்தது தவறாகப் போயிற்று. நேற்று எல்லோரையும் கூட்டி, இனிமேல் பாடு கிடையாது, யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் மணி அடிக்கலாம் என்று சொன்னேன். சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தேன். பச்சையம்மா எழுந்து நின்றார். "ஏரில பாடு எம் புருசனுக்குத்தான் இருந்துச்சு. பொம்பளைக்கு எவன் குடுத்தான்? அவரு போனதும் அதுவும் போச்சு. எண்பத்தோரு வயசுல எம்பேருக்கு ஒரு பாடு வந்துகீது. அத எடுக்க நீ யாரும்மா?" என்றார். சம்சுதீன் அவருக்குப் பின்னாலேயே எழுந்தார். "எங்க குடும்பம் முந்நூறு வருசமா இந்த ஊர்ல கீறோம். வியாபாரம் பண்ணோம், எஞ்சின் ரிப்பேர் பண்ணோம், ஏரில ஒரு முழம் எடம் கெடையாது. இப்பதான் மேடம் மூணு நாளுக்கு ஒரு நாள் எனக்குன்னு வந்துது" என்றார். பதினேழு பேரும் கை தட்டினார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

அதை எடுக்க முடியாது என்று புரிகிறது. எடுக்க நான் யார் என்ற கேள்வியும் நியாயமானது. ஆனால் அது இப்படியே இருக்கும்வரை உங்கள் மகள் உங்களை அனுப்பக் கூடாது. நான் அவராக இருந்தால் அனுப்ப மாட்டேன்.

எனக்குத் தெரியாத ஒன்றைக் கேட்கிறேன். பதில் என் மனத்தில் எதுவும் இல்லை. ஏரியில் இன்னொருவருடைய பாட்டு நாளில், அவருடைய இடத்தில், ஒருவர் தண்ணீரில் விழுந்துவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? உங்கள் நாள் வரும்வரை காத்திருப்பீர்களா?

உங்கள் காது விஷயம் தனி. மணி போய்ச் சேர்ந்ததா என்று கேட்காதவருக்கு எப்படித் தெரியும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. நர்ஸ் மேசையில் அழைப்பைப் பார்த்ததும் ஒரு பொத்தானை அமுக்கினால், குளியலறையில் பச்சை விளக்கு எரியும்படி செய்ய முடியும் என்கிறார் தினகரன். முதல் விளக்கு பன்னிரண்டாம் அறைக்கு.

ஹேமாவதி


எளாவூர்
18.2.2025

மேடம்,

இது இன்னா கேள்வி? தண்ணீரில் ஆள் விழுந்தால் பாடு பார்ப்பார்களா? அப்படிப் பார்க்கிறவனைக் கரையிலேயே விடமாட்டோம். படகு கவிழ்ந்தால் எவன் இடமாக இருந்தாலும், எவன் நாளாக இருந்தாலும், வலையை அறுத்துவிட்டுப் போவோம். எதிரியாக இருந்தாலும் போவோம். அதற்குத் தண்டம் கிடையாது. போகாமல் இருந்தால்தான் தண்டம்.

என்று கோபமாக இதுவரை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன். 

மேடம், நான்தானே அன்று கவிழ்ந்து கிடந்தேன்? என் படகு கவிழ்ந்ததை நானே படகு கவிழ்ந்ததாக எடுத்துக்கொள்ளவில்லை. வலை போடுகிற கணக்கிலேயே படுத்துக் கிடந்தேன். எழுபத்து நான்கு வயதில் இவ்வளவு முட்டாளாக இருக்க முடியும் என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

கீழ்க்கண்ட தீர்மானத்தைக் கூட்டத்தில் வைக்கவும். என் பேரைப் போட்டே வைக்கவும். கேரம் போனால் போகட்டும்.

"கட்டிலருகே உள்ள பொத்தானில் டீ, ஃபேன், ரிமோட், பேச்சுத்துணை ஆகியவற்றுக்குப் பாடு முன்போல் தொடரும். விழுதல், மார்வலி, மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியவை படகு கவிழ்ந்ததாகக் கொள்ளப்படும். அதற்கு எந்த மணியும், எந்த நாளும், எவரும். குளியலறைச் சிவப்புக் கயிற்றுக்கு என்றைக்கும் பாடு இல்லை. கவிழ்ந்தும் அடிக்காமல் கிடப்பவருக்கு ஒரு மாதம் கேரம் இல்லை."

இதைத் தேவகியிடம் படிக்கக் கொடுத்தேன். எல்லாக் கடிதத்தையும் சேர்த்தே கொடுத்துவிட்டேன். காலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தாள். மீன் கழுவினாள், தட்டை டொங்கென்று வைத்தாள். சாப்பிடும்போது என் முகத்துக்கு நேரே வந்து, எனக்குக் கேட்கிற மாதிரி கத்தினாள்: "டீக்குப் பாடு போட்டீங்க, சரி. உசுருக்குமா நைனா பாடு போடுவாங்க?" பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

தீர்மானத்தை அவள் நம்பவில்லை. பேப்பரில் எழுதினால் கை மாறிவிடுமா என்கிறாள். இருபத்தொன்றாம் தேதி அங்கே வருகிறாள். என் சாமான்களைக் கட்டிக்கொண்டு போகத்தான் வருகிறாள் மேடம். நான் தடுக்கவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு தடுப்பது?

சு. சுப்பராயலு


பழவேற்காடு
20 பிப்ரவரி 2025, மாலை

மதிப்பிற்குரிய சுப்பராயலு அவர்களுக்கு,

இன்று மதியம் கூட்டம் நடந்தது. உங்கள் தீர்மானத்தை ஒரு சொல்லும் மாற்றாமல் படித்தேன்.  பிறகு பச்சையம்மா, "இதுல இன்னா கீது பேச? கவுந்தா கவுந்ததுதான்" என்றார். "பேச்சுத்துணைன்னு போட்டிருக்காரே, அது யாருக்காக?" என்று சம்சுதீன் கேட்டார். உங்களுக்காக என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். ஒருமனதாக நிறைவேறியது. கடைசி வரியில் ஒரு மாதம் அதிகம் என்று சொல்லி இரண்டு வாரமாகக் குறைத்தார்கள். காட்டிக்கொடுத்ததற்காக உங்களுக்கும் இரண்டு வாரம் கேரம் இல்லை என்பது தனித் தீர்மானம். நான் வாதாடிப் பார்த்தேன், பயனில்லை.

தேவகியைப் போலவே எனக்கும் சந்தேகம் இருக்கிறது. கை உயர்த்தி வாக்களிப்பது வேறு, ஈரத் தரையில் கிடக்கும்போது அந்தக் கை கயிற்றைத் தேடுவது வேறு. நாளை பதினொரு மணிக்கு ஒத்திகை வைத்திருக்கிறேன். ஒவ்வொருவராகத் தரையில் உட்காரவைத்துக் கயிற்றை இழுக்கச் சொல்லப்போகிறேன். அதைத் தேவகியும் பார்க்கட்டும். பார்த்து நம்புவாரா என்று சொல்ல முடியாது. கடிதத்தை இன்று அனுப்பவில்லை. நாளை நடப்பதையும் எழுதி அனுப்புகிறேன்.


21 பிப்ரவரி, மாலை

ஒத்திகை நடக்கவில்லை. நடந்தது வேறு. பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

பத்தே கால் மணிக்குத் தேவகி வந்தார். கையில் இரண்டு கோணிப்பை. "நான் கட்டிக்கினு போறேன் மேடம், உங்க மேல கோவம் ஒண்ணுமில்ல" என்றார். உங்கள் அலமாரிச் சாவியை எடுக்க என் மேசையைத் திறந்தேன்.

பத்து இருபத்தொன்றுக்கு மணி அடித்தது. நான்காம் அறை, குளியலறைக் கயிற்றை இழுத்தால் எரியும் சிவப்பு விளக்கு. இன்று ஏழு முதல் பன்னிரண்டு அறைகளின் பாடு. பச்சையம்மாவுக்கு இன்று நாள் இல்லை. அதாவது, அடுத்தவர் நாளில் ஒருவர் இழுத்திருக்கிறார். தொடங்கிய நாளிலிருந்து முதல் தடவை. எனக்கு அந்த நிமிடம் பயத்தைவிட இது முதலில் உறைத்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

உம்மு ஹானி ஓடினார். பின்னால் நானும் தேவகியும். எங்களுக்கு முன்னால் சம்சுதீன் பதினொன்றாம் அறையிலிருந்து வெளியே வந்து, "இன்னிக்கி எங்க பாடுல எவன் அடிச்சது?" என்று கத்தினார். நான்காம் அறைக்கு மேலே எரிந்த சிவப்பு விளக்கைப் பார்த்ததும் குரல் மாறிவிட்டது. "கவுந்துடுச்சிடா! பச்சையம்மா கவுந்துடுச்சி! எல்லாம் வாங்க!"

நாங்கள் யோசிக்காமல் விட்டது இதுதான். படகு கவிழ்ந்தால் எல்லோரும் போவீர்கள் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். எல்லோரும் போனார்கள். கைத்தடியோடு, வாக்கரோடு, ஒருவர் சக்கர நாற்காலியோடு. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நான்காம் அறைக் குளியலறை வாசலில் பதினொரு பேர் அடைத்துக்கொண்டு நின்றார்கள். "கயிறு போடு", "தோள்ல கைய குடு", "மொதல்ல தண்ணி எறைச்சி வுடு" என்று ஆளுக்கொரு கட்டளை. நர்ஸ் உள்ளே போக ஓர் அடி இடம் இல்லை. உள்ளே பச்சையம்மா சுவரில் சாய்ந்து, காலை நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தார். முக்காலி வழுக்கி உட்கார்ந்துவிட்டார், எழ முடியவில்லை. வலி எங்கே என்று கேட்டதற்கு, "காதுலதான்மா. இவனுங்க கத்துறது தாங்கல" என்றார்.

வழியைத் திறந்தவர் உங்கள் மகள். வாக்கர்களை ஒவ்வொன்றாகப் பிடித்துத் திருப்பிவிட்டபடி போட்ட சத்தம் மீன் ஏலம் நடக்கும் இடம்வரை கேட்டிருக்கும். "நவுருங்க! உதவி பண்ண வந்தீங்களா, கதவ அடைக்க வந்தீங்களா? பாய், ஒங்களத்தான்! நாளைக்கி எங்க நைனா வந்து, அவரும் சேந்து இதுல நின்னார்னா, நர்ஸம்மா இன்னா ஜன்னல் வழியா குதிக்குமா?"

தாம் சொன்னது தேவகியின் காதிலேயே விழுந்ததா என்று தெரியவில்லை. என் காதில் விழுந்தது.

மணி அடித்ததிலிருந்து உம்மு ஹானி பச்சையம்மாவைத் தொட்டதுவரை இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. அதில் ஒன்றரை நிமிடம் வாசல் நெரிசல். மருத்துவர் வந்து பார்த்தார், எலும்பு முறிவு இல்லை, இடுப்பில் தசை வலி மட்டும். மாலை மறுபடி கூட்டம் போட்டோம். சிவப்பு விளக்கு எரிந்தால் அவரவர் கதவருகே நின்று குரல் கொடுக்கலாம், தாழ்வாரத்தில் இறங்கக் கூடாது என்று தீர்மானம். நான்கு பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். அடுத்த முறை எத்தனை பேர் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

மதியம் தேவகி சாவியை வாங்கிக்கொண்டு உங்கள் அறைக்குப் போனார். நான் கூடப் போகவில்லை. தினகரன் அங்கே பச்சை விளக்குக்காகச் சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தார். விளக்கை இன்னும் கீழே வைக்க வேண்டும், விழுந்து கிடக்கிறவர் கண்ணுக்கு நேரே, என்று தேவகி சொல்லி, துளையை மறுபடி போடவைத்திருக்கிறார். அவர் சொன்னது சரி. நான் நின்றுகொண்டு பார்த்து உயரம் குறித்திருந்தேன்.

நான்கரை மணிக்கு வந்து, விளக்கு எப்போது தயாராகும் என்று கேட்டார். நாளை மறுநாள் என்றேன். "அப்ப ஞாயித்துக்கெழம" என்றார். கோணிப்பைகளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஐந்து மணிப் பொன்னேரி பஸ்ஸில் ஏறிப் போனார்.

ஹேமாவதி